பாம்பைப் படித்தவருக்குப் பிழைப்பு உண்டா?

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அரவையைத் தொடங்கிவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரமெங்கும் கரும்பு வெட்டு மும்முரமாகிவிடும். அடர்ந்து கிடக்கும் சோகைக்குள் எலி வளை தோண்டியிருக்கும். எலியைத் தேடிச் சாரை வந்திருக்கும், நல்லபாம்பு வந்திருக்கும், கண்ணாடி விரியனும் வந்திருக்கும். ஆட்கள் வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டே போக, ஒதுங்க இடமில்லாத பாம்பு கடைசி வரிசையில் கண்ணில் படும். முன்பெல்லாம் கையில் இருக்கும் வெட்டுக்கத்தியோடு கதை முடிந்துவிடும். இப்போது யாராவது ஒருவர் போனை எடுத்து, பக்கத்து ஊரில் பாம்பு பிடிக்கும் இளைஞரைக் கூப்பிடுகிறார்.

அவர் பைக்கில் வருகிறார். கையில் ஒரு வளைந்த கம்பி, ஒரு துணிப்பை அல்லது பிளாஸ்டிக் டப்பா. பாம்பைப் பிடிக்கிறார், சுற்றி நிற்பவர்கள் வீடியோ எடுக்கிறார்கள், பெட்ரோலுக்கென்று ஏதோ கொடுக்கிறார்கள். வருமானம் அவ்வளவுதான். மாதச் சம்பளம் கிடையாது, காப்பீடு கிடையாது, பலருக்கு வனத்துறையின் அனுமதியும் கிடையாது. ஆனாலும் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, 'நானும் பாம்போடுதான் வேலை செய்வேன்' என்று சொல்லும் பள்ளிப் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பாம்பு, பல்லி, ஆமை, முதலை என்று ஊர்வனவற்றோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்ய ஆசைப்படும் பிளஸ் டூ மாணவருக்குக் கள்ளக்குறிச்சியில் இருந்து கிளம்பினால் என்னென்ன வழிகள் இருக்கின்றன?

வழிகள் இருக்கின்றன. ஆனால் கொக்கிக் கம்பியில் தொடங்கும் வழி அவற்றில் மிக மோசமானது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுயிரைக் கொல்வதை மட்டுமல்ல, பிடிப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. கல்விக்காகவோ ஆய்வுக்காகவோ பிடிக்க வேண்டுமென்றால் முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். உயிர்காக்கும் மருந்து தயாரிக்கப் பாம்பு விஷம் எடுப்பதற்கும் அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவில் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக, வீட்டுக்குள் வந்த பாம்பை எடுத்து வெளியே விடுவது நல்ல காரியமாகவே இருந்தாலும், அனுமதி இல்லாமல் செய்பவர் சட்டத்தின் நிழலில்லாத இடத்தில்தான் நிற்கிறார். ஆபத்தோ அதைவிடப் பெரிது. கேரளத்தில் வீடுதோறும் பெயர் தெரிந்த பாம்பு பிடிப்பவரான வாவா சுரேஷை 2022 ஜனவரியில் கோட்டயம் அருகே நல்லபாம்பு கடித்தது. தீவிர சிகிச்சைக்குப் பிறகே அவர் பிழைத்தார். கோவையில் பல ஆண்டுகளாகப் பாம்பு மீட்டுவந்த ஒருவர் 2025 மார்ச்சில் நல்லபாம்பு கடித்து இறந்துபோனார். அனுபவம் பாதுகாப்புத் தரும் என்று நம்பியவர்கள்தான் இருவரும்.

இந்த வேலையை ஒழுங்குபடுத்த முடியாதா என்றால், முடியும். கேரள வனத்துறை 2020-இல் 'சர்ப்பா' என்ற செயலியைக் கொண்டுவந்தது. வனத்துறையிடம் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டுமே பாம்பு பிடிக்கலாம் என்று விதித்தது. கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டும் பழக்கத்தை விட்டு, கொக்கியால் நகர்த்தி, குழாய் போன்ற இருட்டான வாய் வழியாகப் பாம்பைத் தானே பைக்குள் போக வைக்கும் முறையைக் கற்றுத்தந்தது. பாம்பைக் கையால் தொடாமலே வேலை முடிந்துவிடும். வீடியோவுக்கு அது சுவாரசியமாக இருக்காது. உயிர் மிஞ்சும்.

தமிழ்நாட்டில் பாம்பு அறிவு சட்டபூர்வமான பிழைப்பாக மாறிய கதை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி வரை போக வேண்டும்.

இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள். கடந்த நூற்றாண்டில் பாம்புத் தோல் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தபோது, வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான். எழுபதுகளில் சட்டமும் ஏற்றுமதித் தடையும் வந்து அந்த வருமானம் ஒரேயடியாக நின்றது. அப்போது ரோமுலஸ் விட்டேகர் உதவிக்கு வந்தார். நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியா வந்து, அமெரிக்காவில் பில் ஹாஸ்ட் என்பவரின் மயாமி பாம்புப் பண்ணையில் வேலை கற்றுத் திரும்பியவர் அவர். சென்னைப் பாம்புப் பண்ணையை உருவாக்கினார், 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். தோலுக்காகக் கொன்ற அதே பாம்பை, விஷம் எடுத்துவிட்டு உயிரோடு விட்டால் என்ன என்ற யோசனையில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

அங்கே வேலை நடக்கும் விதம் கவனிக்கத் தக்கது. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு மட்டுமே சங்கத்துக்கு வரும். ஆண்டுக்கு எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி தரும். ஒவ்வொரு பாம்பும் ஒரு மண்பானைக்குள் இருக்கும். அடியில் மணல், வாயில் காற்றுப் போகும் துணி கட்டியிருக்கும், பானையில் விவரம் எழுதியிருக்கும். வாரத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, மெல்லிய சவ்வு இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்க வைப்பார்கள். பல் சவ்வைத் துளைத்ததும் மஞ்சளாகவோ நிறமில்லாமலோ சில சொட்டுகள் உள்ளே வழியும். மூன்று வாரத்தில் நான்கு முறை. பிறகு வயிற்றுச் செதில் ஒன்றின் ஓரத்தைக் கத்தரித்து அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே திரும்பவும் பிடிபட்டால் அந்த அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். எடுத்த விஷம் உலர்த்தப்பட்டுத் தூளாகி, கிராம் கணக்கில் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி இந்தச் சங்கத்தின் விஷத்தை நம்பித்தான் இருக்கிறது.

சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க நாய்களும் கருவிகளும் திணறியபோது, இவர்கள் தடம் பார்த்து இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விட்டேகருக்கு 2018-லேயே கிடைத்திருந்தது. பள்ளிப் படிப்பு இல்லாத ஒரு அறிவை உலகம் மதித்தது என்பதில் சந்தோஷப்படலாம். அதே சமயம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். வடநெம்மேலியில் கிடைத்த வாசல் இங்கே திறக்கவில்லை.

திறக்க வேண்டிய காரணம் அறிவியலிலேயே இருக்கிறது. ஒரே இனப் பாம்பின் விஷம் எல்லா ஊரிலும் ஒன்றாக இருப்பதில்லை. இரை, வயது, நிலம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது. சோழமண்டலக் கரையோரப் பாம்பின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து ராஜஸ்தானிலோ மேற்கு இந்தியாவிலோ கடிபட்டவருக்கு அதே பலத்தோடு வேலை செய்யாமல் போகலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் ஆய்வுக்கூடம் இதை இனம் இனமாகச் சோதித்து எழுதிவருகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் சேகரிக்கும் மையங்கள் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து வருவது இதனால்தான். 2024-இல் அதே கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, நல்லபாம்பு, கட்டுவிரியன் குடும்பத்தின் முக்கியமான நச்சு ஒன்றை முறிக்கும் செயற்கை எதிர்ப்பொருளை உருவாக்கி எலிகளில் வெற்றிகரமாகச் சோதித்தன. குதிரையின் ரத்தத்தை நம்பியிருக்கும் நூறு ஆண்டு கடந்த முறைக்கு மாற்று தேடும் துறை இது. உயிர்வேதியியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிக்கும் பிள்ளை, ஒரு பாம்பைக்கூடக் கையில் தொடாமல் இந்தத் துறைக்குள் போகலாம்.

பாம்புக்கடியைச் சுற்றித்தான் இந்த மாவட்டத்தில் மிக அவசரமான வேலை காத்திருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கிட்டத்தட்ட எல்லாமே கிராமத்துச் சாவுகள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இந்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் அறிவித்து, 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பதாகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே கடிக்கிறது, எந்தப் பாம்பு, எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்தார்கள் என்ற கணக்கு இனிமேல்தான் ஒழுங்காகச் சேரப் போகிறது. அந்தக் கணக்கைப் படிக்கவும், அதை வைத்து ஊர் ஊராகப் பேசவும் ஆள் வேண்டும்.

கல்வராயன் மலையை நினைத்துப் பாருங்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் சமவெளிக்கு வந்து பல காலம் கழித்துத்தான் மேலே ஏறின. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் தினையும் சாமையும் மரவள்ளியும் விளைவிக்கிறார்கள். மண்தரையில் படுத்துறங்கும் ஒருவரைக் கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. எறும்போ பூச்சியோ என்று விட்டுவிடுவார்கள். விடிவதற்குள் இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு முட்டும். அந்த நேரத்தில் மந்திரிக்கவோ வேர் அரைத்துக் கொடுக்கவோ போனால், மலைப்பாதை வளைவுகளில் இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்துசேரும் நேரமும் போய்விடும். படுக்கையைச் சுற்றிக் கொசுவலையை நன்றாகச் செருகிக்கொண்டால் கட்டுவிரியன் கடியைப் பெருமளவு தடுக்கலாம் என்று அவர்கள் மொழியில், அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் தேவை. அதுவும் ஊர்வனவற்றோடு செய்யும் வேலைதான்.

மருத்துவமனைக்குள்ளும் பாம்பு தெரிந்தவர் வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் செவிலியர் செய்யும் ஒரு எளிய சோதனையே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. கடிபட்டவரின் ரத்தத்தில் 2 மில்லி எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் வேலை செய்கிறது என்று பொருள், உடனே மருந்து ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவு தவறாகிவிடும். இன்னொரு சிக்கல், உறவினர்கள் அடித்து எடுத்துவரும் பாம்பு. பாம்பை எடுத்துவரவே கூடாது, செத்த பாம்பின் பல்லிலும் விஷம் உண்டு. ஆனாலும் கொண்டுவருகிறார்கள். கருப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை இருந்தால் அது கட்டுவிரியனாகவும் இருக்கலாம், விஷமே இல்லாத வெள்ளிக்கோல் வரையனாகவும் இருக்கலாம். கட்டுவிரியனின் முதுகு நடுக்கோட்டில் அறுகோணமாகப் பெரிய செதில்கள் வரிசையாக ஓடும். வரையனுக்கு அது கிடையாது. இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் வார்டில் இருந்தால் தேவையில்லாமல் மருந்து ஏற்றுவதும் குறையும், தேவையானவருக்குத் தாமதமாவதும் குறையும்.

இனி ஆராய்ச்சி. கிழக்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கிறது. சமவெளி நடுவே தீவுகள் போல நிற்பதால், ஒரு மலையின் சிற்றுயிர் அடுத்த மலைக்குப் போவதில்லை. காலப்போக்கில் தனி இனமாகிவிடுகிறது. கல்வராயனுக்கு மேற்கே உள்ள சேர்வராயன் மலையில் மட்டும் 2019-இல் ஒரே கட்டுரையில் இரண்டு புதிய பல்லி இனங்களை விவரித்தார்கள். நாமக்கல் மாவட்டத்துப் போதமலையில் மண்ணுக்குள் வாழும் புதிய கேடயவால் பாம்பு ஒன்று 2013-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்குகூட இந்தக் குன்றுகளுக்குக் கிடைக்கவில்லை. கல்வராயனில் மழைக்குப் பிந்தைய இரவுகளில் தலைவிளக்கோடு நடந்து, கல்லைப் புரட்டிப் பார்த்து, பார்த்த கல்லை இருந்தபடியே வைத்து, செதில் எண்ணிக் குறிப்பெழுதும் பொறுமை உள்ளவருக்கு இங்கே ஆயுளுக்குப் போதுமான வேலை இருக்கிறது.

அதற்கான படிப்பு எங்கே? பி.எஸ்சி. விலங்கியல் பல அரசுக் கல்லூரிகளில் படிக்கலாம். அதன் பிறகு மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வனஉயிரின உயிரியலில் முதுகலை இருக்கிறது. டேராடூனில் இந்திய வனஉயிரின நிறுவனம், பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியவற்றில் சேர நுழைவுத் தேர்வும் போட்டியும் கடுமை. நெட் தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். இரண்டு ஆண்டு கழித்து 42,000 ஆகும். ஆனால் ஒரு உண்மையைப் பெற்றோர் தெரிந்துகொண்டே சம்மதிக்க வேண்டும். இந்தத் துறையில் பெரும்பாலான வேலைகள் திட்ட வேலைகள். மூன்று ஆண்டுத் திட்டம் முடிந்தால் அடுத்த திட்டம் தேட வேண்டும். நிரந்தர விஞ்ஞானிப் பணியிடங்கள் சொற்பம்.

நிரந்தர வருமானம்தான் முக்கியம் என்றால் இரண்டு வழிகள் தெளிவாக இருக்கின்றன. ஒன்று வனத்துறை. வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகள் இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் வழியாக நிரப்பப்படுகின்றன. விலங்கியல் பட்டதாரிகள் இந்திய வனப்பணித் தேர்வையும் எழுதலாம். வனக்காவலர் பாம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், தீத்தடுப்பு முதல் சந்தன மரக் கடத்தல் வரை எல்லாம் அவர் தலையில்தான். ஆனாலும் சட்டத்தின் கை அவருடையது.

இன்னொன்று கால்நடை மருத்துவம். சின்னசேலத்தை ஒட்டிய தலைவாசலிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு. மேற்படிப்பில் வனஉயிரின அறிவியலைத் தேர்ந்தெடுத்தால் வண்டலூர், சேலம் குரும்பப்பட்டி போன்ற உயிரியல் பூங்காக்களில் ஓடு உடைந்த ஆமைக்கும் உணவு எடுக்காத மலைப்பாம்புக்கும் மருத்துவம் பார்க்கலாம். ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர்கள் நாட்டிலேயே மிகக் குறைவு. பசு, ஆட்டுக்குப் பார்த்துச் சம்பாதித்துக்கொண்டே இதில் தேர்ச்சி பெற முடியும் என்பதால், பாம்பு ஆசையுள்ள பிள்ளைக்கு எல்லாவற்றிலும் உறுதியான பாதை இதுதான்.

முதலையைப் பார்க்க வடநெம்மேலி வரைகூடப் போக வேண்டாம். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணையில் வனத்துறையின் முதலைப் பண்ணை இருக்கிறது. பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகலாம். கல்லூரி மாணவர்கள் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் தன்னார்வப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். சென்னையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் ஆமை முட்டைகளைக் காத்துவருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அவர்களோடு இரவில் கடற்கரையில் நடப்பது, இந்த வேலையில் எவ்வளவு தூக்கம் போகும் என்பதைக் கற்றுத்தரும்.

பிழைப்பு என்று நினைத்துச் சிறைக்குப் போகும் வழியையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் பாம்பு, பல்லி வளர்த்து விற்பது பெரிய வியாபாரம். இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட நம் நாட்டு ஊர்வனவற்றை வளர்க்கவோ விற்கவோ அனுமதி இல்லை. வெளிநாட்டு இனங்கள் பலவற்றுக்கும் பதிவு கட்டாயம். பாங்காக்கில் இருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டியில் வரும் மலைப்பாம்புக் குட்டிகள் அடிக்கடி பிடிபடுகின்றன. உள்ளூரில் மண்ணுளிப் பாம்பை லட்சக்கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது என்று ஆசைகாட்டும் தரகர்கள் இன்னும் திரிகிறார்கள். அந்தப் பாம்புக்கு எந்த அதிசய சக்தியும் கிடையாது, வாங்க வருகிறவரும் கிடையாது. அதோடு பிடிபடுகிறவர் ஏழை விவசாயக் கூலியாகத்தான் இருக்கிறார். உடும்பு வேட்டையும் அப்படியே.

மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் அரசு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தால் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மலையாளி இளைஞர்களிலும் இருளர் இளைஞர்களிலும் பாம்பு தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் சான்றிதழும் காப்பீடும் மாதச் சம்பளமும் கொடுத்து, ஊராட்சி ஒன்றியத்துக்கு இருவர் என்று அமர்த்தலாம். அழைப்பு வந்தால் பாம்பை எடுப்பார்கள், மற்ற நாட்களில் பள்ளிகளிலும் நூறுநாள் வேலை நடக்கும் இடங்களிலும் பேசுவார்கள், ஆராய்ச்சியாளர் வந்தால் காட்டுக்குள் வழிகாட்டுவார்கள். கல்வராயன் மலை ஒன்றியத்தில் இருந்தே இதைத் தொடங்க வேண்டும்.